சத்தம் வந்துவிட்டது, வாய் சேரவில்லை

அனிமேஷன் மென்பொருளுக்குள் ஒரு குரல் பதிவைக் கொண்டுவரும் வேலை மூன்று விதமாகச் சொதப்பும். மென்பொருள் கோப்பை வாங்கவே மறுக்கும். அல்லது வாங்கிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கும். அல்லது வாங்கி, அலைவடிவமும் காட்டி, ஒழுங்காக ஒலிக்கவும் செய்து, ஓரிரண்டு ஃபிரேம் மட்டும் தள்ளி வைத்திருக்கும். உதவி கேட்டு அலைகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகையைத்தான் பெரிய கோளாறு என்கிறார்கள். மென்பொருளை விற்கிறவர்களும் அதற்கேற்றாற்போல் எத்தனை ஒலி வடிவங்களை ஏற்போம் என்ற பட்டியலையே பெருமையாக நீட்டுகிறார்கள். ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர், அடோபி அனிமேட், கிரிட்டா ஆகிய நான்கையும் இந்த ஒரே வேலையை வைத்து எடை போட்டால் தராசு வேறு பக்கம் சாய்கிறது. மறுப்பு ஐந்து நிமிட எரிச்சலோடு முடிந்துவிடும். எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டு என்ன செய்தேன் என்று வாய் திறக்காத மென்பொருள்தான் ஒரு வார வேலையைக் குப்பைக்கு அனுப்பும்.

ஓரிரு ஃபிரேமுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பவர்களுக்கு முதலில் வேலையின் வரிசையைச் சொல்ல வேண்டும். டப்பிங் தியேட்டரில் வாய்க்குக் குரலைப் பொருத்துகிறோம்; அனிமேஷனில் குரலுக்கு வாயை வரைகிறோம். பேசும் காட்சிக்கு ஒலிதான் அளவுகோல். கோல் தவறாக இருந்தால் அதை வைத்து அளந்த ஒவ்வொரு படமும் தவறு. இந்தத் தொழில் பேசக் கற்றபோதே பட்ட பாடு இது: 1928 நவம்பரில் நியூயார்க்கில் திரைக்கு வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு இசை பதிந்தபோது முதல் முயற்சி படத்தோடு ஒட்டவில்லை. துள்ளும் பந்து ஒன்றைப் படச்சுருளில் பதித்து, அதைப் பார்த்து வாத்தியக்குழு தாளம் பிடித்த பிறகுதான் சேர்ந்தது. பின்னர் வசனத்தை முதலில் பதிந்து, எந்த ஃபிரேமில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் ஒரு பத்தி முழுக்க எழுதி, அந்தத் தாளை அனிமேட்டர் கையில் கொடுக்கும் வழக்கம் வந்தது. இன்று அந்தப் பத்தியின் இடத்தில்தான் இம்போர்ட் செய்த ஒலிக்கோப்பு உட்கார்ந்திருக்கிறது. ‘ப’, ‘ம’ போன்ற இதழ்மூடும் எழுத்துகளில் உதடு ஒட்டும் ஃபிரேம் தவறினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. பொம்மை பேசவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

இனி ஒலிக்கோப்பின் உள்ளே. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 41.67 மில்லிசெகண்ட். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலியில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2000 சாம்பிள் வரும். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1837.5, அந்த அரை சாம்பிளை எங்கே வைப்பது என்று நிரல் எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் ஒவ்வொரு ஃபிரேமிலும் அரையை வெட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் 7200 சாம்பிள், அதாவது 163 மில்லிசெகண்ட், கிட்டத்தட்ட நான்கு ஃபிரேம் காணாமல் போகும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த அழுத்தாத வேவ் கோப்பில் நூறு ஃபிரேம் கடந்த இடத்தின் ஒலி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வெறும் பெருக்கல்: 2,00,000 சாம்பிள், சாம்பிளுக்கு இரண்டு பைட், முன்னால் எளிய தலைப்புக்கு 44 பைட். எம்பி3-க்குள் இந்தக் கணக்கு செல்லாது. அது ஒலியை 1152 சாம்பிள் கொண்ட பொட்டலங்களாகக் கட்டுகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பொட்டலம் 26 மில்லிசெகண்ட், படத்தின் எந்த ஃபிரேமோடும் ஒட்டாத அளவு. ஒரு பொட்டலத்துக்கான தரவின் ஒரு பகுதி முந்தைய பொட்டலங்களில் கடன் வைக்கப்பட்டும் இருக்கலாம். பிட் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் வகையாக இருந்து, தலைப்பில் அதற்குரிய குறிப்பும் இல்லாவிட்டால், கோப்பின் மொத்த நீளத்தையே மென்பொருள் ஊகிக்க வேண்டியதுதான். பாட்டுக் கேட்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் முதலிலிருந்து கடைசிவரை ஒரே போக்கில் கேட்கிறார். அனிமேட்டரோ ஒரே ‘வா’வை முன்னும் பின்னுமாக இருபது முறை இழுத்துப் பார்க்கிறார். எம்பி3 அந்த வேலைக்காகப் பிறந்ததல்ல.

இதைவிடச் சிக்கலானது முன்னால் ஒட்டிக்கொள்ளும் மௌனம். தரம் இழந்து அழுத்தும் வடிவங்களில் பெரும்பாலானவை தொடக்கத்தில் சிறிது வெற்று ஒலியைச் சேர்த்துத்தான் வேலையைத் தொடங்குகின்றன. லேம் என்ற பரவலான எம்பி3 குறியாக்கி 576 சாம்பிள் சேர்க்கிறது, பிரிக்கும் பக்கம் 529; கூட்டினால் 25 மில்லிசெகண்ட். ஆப்பிளின் ஏஏசி குறியாக்கி 2112 சாம்பிள் சேர்க்கிறது; 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 48 மில்லிசெகண்ட், ஒரு ஃபிரேமைத் தாண்டிவிட்டது. இவ்வளவு கழிக்க வேண்டும் என்று கோப்பிலேயே குறிப்பு எழுதி வைக்கலாம். படித்துக் கழிக்கும் மென்பொருள் உண்டு, கண்டுகொள்ளாததும் உண்டு. ஒரே கோப்பு இரண்டு மென்பொருளில் இரண்டு இடத்தில் தொடங்குவதற்கு இதுதான் காரணம். 25, 48 மில்லிசெகண்டெல்லாம் யார் காதுக்குத் தெரியும் என்று கேட்கலாம். ஒளிபரப்புக்கான ஐடியூ பரிந்துரை பிடி.1359 இதற்கு எண் தருகிறது: ஒலி படத்துக்குப் பின்தங்கினால் சுமார் 125 மில்லிசெகண்ட் வரை மனிதர்கள் கவனிப்பதில்லை, ஒலி முந்தினால் 45 மில்லிசெகண்டிலேயே கவனிக்கிறார்கள். மின்னலுக்குப் பின்தான் இடி என்று பழகிய உலகத்தில் இந்தச் சமனின்மை வியப்பில்லை. இப்போது வேலையின் வரிசையோடு சேர்த்துப் பாருங்கள். 48 மில்லிசெகண்ட் தாமதமான ஏஏசியை வைத்து வாயை வரைகிறீர்கள். எடிட்டிங் மேசையில் ஒலிப்பொறியாளர் தாமதமில்லாத மூலப் பதிவைப் போடுகிறார். விளைவு, ஒலி 48 மில்லிசெகண்ட் முந்துகிறது. பொறுத்துக்கொள்ளும் பக்கத்தில் பிறந்த பிழை பொறுக்காத பக்கத்துக்குத் தாவிவிட்டது.

ஓப்பன்டூன்ஸை முதலில் எடுக்கக் காரணம் அதன் கண்டிப்பு. இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ உருவாக்கி, ஸ்டூடியோ ஜிப்ளி கையில் வளர்ந்த டூன்ஸ், 2016 மார்ச்சில் ஜப்பானின் ட்வாங்கோ மூலம் திறந்த மூலமாக வெளிவந்தபோது இந்தப் பெயரைப் பெற்றது. அழுத்தாத வேவ், ஏஐஎஃப்எஃப் இரண்டும்தான் அதன் இயல்பான உணவு. ஒலியை ஏற்றியதும் எக்ஸ்ஷீட்டில் அது செங்குத்தான ஒரு பத்தியாக, அலைவடிவத்தோடு இறங்குகிறது; பழைய எக்ஸ்போஷர் ஷீட்டின் வசனப் பத்தி அப்படியே. ஒவ்வொரு வரியும் ஒரு ஃபிரேம் என்பதால் எந்த அசை எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்பதை விரலை வைத்துப் படிக்கலாம். நான்கில் வசனம் படிக்கத் தோதான திரை இதுவே என்பது என் கணிப்பு. கோப்பு புராஜெக்டுக்கு வெளியே கிடந்தால், அங்கிருந்தே ஏற்றவா, உள்ளே நகலெடுக்கவா என்று கேட்கவும் செய்கிறது. சின்ன விஷயம், பெரிய நிம்மதி. ஆனால் வேவ் என்ற பெயரை மட்டும் நம்பி அதன் முன் போய் நிற்க முடியாது. 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவ் ஒரு பெட்டி மட்டுமே. உள்ளே 16 பிட் இருக்கலாம், 24 பிட் இருக்கலாம், இன்றைய களப் பதிவுக் கருவிகள் தரும் 32 பிட் ஃப்ளோட்டும் இருக்கலாம். விசித்திரம் என்னவென்றால் எம்பி3 தரவையே வேவ் பெட்டிக்குள் அடைக்கலாம். வடிவ விதி அதற்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறது. வேவ் கொடுத்தும் ஏற்கவில்லை என்ற புகாரைக் கேட்டால் முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். போனில் பதிந்த எம்4ஏ கோப்பின் பெயர்க் கடைசியை மட்டும் வேவ் என்று மாற்றிவிட்டு மென்பொருளைத் திட்டுகிறவர்களும் உண்டு. புட்டியின் சீட்டை மாற்றினால் மருந்து மாறாது.

பிளெண்டர் நேர்மாறு. பின்னால் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளி மாற்றி நூலகம் இருப்பதால் எம்பி3, எம்4ஏ, ஓக், ஃப்ளாக் எதைப் போட்டாலும் வீடியோ சீக்வென்சரில் ஒரு பட்டையாக இறங்கிவிடும். இந்தத் தாராளத்தை முதல் பார்வையில் புகழத் தோன்றும். ஆனால் உள்ளே வந்த கோப்பு எந்த வகை, எத்தனை சாம்பிள் கழிக்கப்பட்டது என்பதைப் பற்றி அது தானாக ஒன்றும் சொல்வதில்லை. புதியவர்களை அலைக்கழிப்பது இன்னும் எளிமையான ஒன்று. டைம்லைனின் பிளேபேக் பட்டியலில் ‘பிளே எவ்ரி ஃபிரேம்’ என்ற நிலையில் இருந்தால், கனமான காட்சியில் படம் தவழும், ஒலி தன் வேகத்தில் ஓடிவிடும். ஒலி பிசகிவிட்டது என்று எண்ணிப் பட்டையை நகர்த்துகிறவர், சரியாக இருந்ததைக் கையாலேயே கெடுக்கிறார். ‘சிங்க் டு ஆடியோ’வுக்கு மாற்றினால் படம் ஃபிரேம்களை விட்டுவிட்டு ஒலியைப் பிடிக்கும். அதே பட்டியலில் இழுக்கும்போது ஒலி கேட்பதற்கான ஆடியோ ஸ்க்ரப்பிங்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வாய் வரைய உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது போல. புராஜெக்டின் ஃபிரேம் வேகத்தை ஒலி ஏற்றும் முன்பே தீர்மானித்துவிடுவதும் கட்டாயம். ஒலி இயல்பாக .பிளெண்ட் கோப்புக்குள் தங்குவதில்லை, வெளியே இருக்கும் கோப்பை முகவரி வைத்துக் கூப்பிடுகிறது. நேற்று பாடியது இன்று ஊமையானால் யாரோ ஃபோல்டரை நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். எக்ஸ்டெர்னல் டேட்டா பட்டியலில் பேக் ரிசோர்சஸ் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். இவ்வளவு கருவிகளை வைத்துக்கொண்டு ஒலியின் விவரத்தை முகப்பில் காட்டத் தயங்குவதுதான் பிளெண்டர் மீதான என் புகார்.

அடோபி அனிமேட்டின் பிரச்சினை வேறு வகை. பழைய ஃபிளாஷ் 2016-இல் பெயர் மாறி வந்த இந்த மென்பொருள், கோப்பு பிடிக்காதபோது சொல்லும் வாசகம் புகழ் பெற்றது: படிப்பதில் சிக்கல் இருந்ததால் ஒன்றோ பலவோ கோப்புகள் இம்போர்ட் ஆகவில்லை. எந்தக் கோப்பு, என்ன சிக்கல் என்ற இரண்டும் அதில் இல்லை. மறுக்கும் மென்பொருளை மெச்சுகிற நான், காரணம் சொல்லாத மறுப்பையும் சேர்த்து மெச்ச முடியாது. பேருந்தில் இடமில்லை என்பதற்கும் இந்தப் பேருந்து அங்கே போகாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இதன் சாம்பிள் கணக்கும் ஃபிளாஷ் காலத்தது: 11, 22, 44 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்தில் அடங்காத 8, 32, 96 போன்றவை உள்ளே வரும்போதே மறுபடி மாதிரி எடுக்கப்படும் என்று அடோபியின் கையேடே சொல்கிறது. எனவே மற்ற இடங்களில் 48 என்று அடித்துச் சொல்லும் நான் இங்கே மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கொடுங்கள் என்பேன். உள்ளே வந்தபின் லைப்ரரியில் உட்காரும் ஒலியை ஒரு கீஃபிரேமில் வைத்து, அந்த லேயரை ஒலியின் நீளத்துக்கு நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் ‘டக்’ என்று ஒரு துணுக்குதான் கேட்கும். அடுத்தது சிங்க் தேர்வு. ‘ஈவென்ட்’ முறையில் வைத்த ஒலி டைம்லைனைச் சட்டை செய்யாது, படம் நின்றாலும் அது பேசி முடித்துவிட்டுத்தான் ஓயும். பட்டன் சத்தத்துக்கு அது சரி. வசனத்துக்கு ‘ஸ்ட்ரீம்’ ஒன்றே வழி. அப்போதுதான் படம் ஒலியின் காலடியைப் பின்பற்றும், இழுத்துக் கேட்கவும் முடியும். ஒலி இறங்கியும் சேரவில்லை என்ற புகாருக்கு அனிமேட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஒரு பெட்டிதான்.

கிரிட்டாவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அது ஓவிய மென்பொருள், அனிமேஷன் கூடுதல் வசதி. 2023 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் ஒலிப் பகுதியை எம்எல்டி நூலகத்தின் மேல் புதிதாகக் கட்டியதால் ஒலியும் படமும் சேர்ந்து ஓடுவது பெரிதும் திருந்தியது. அதற்கு முந்தைய பதிப்பில் ஒலியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அமைப்புகளைத் துழாவுவதைவிடப் பதிப்பை மாற்றுவதே மேல். ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம்: கிரிட்டாவின் எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறது, பிளெண்டரும் ஓப்பன்டூன்ஸும் 1-இல். ஒரே தாளை வைத்து இரண்டிலும் வேலை செய்தால் ஒரு ஃபிரேம் பிசகு இலவசம்.

என் தரப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. வேவ் பெரிது என்பது முதலாவது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 5.76 எம்பி, பத்து நிமிடப் படத்துக்கு 58 எம்பிகூட ஆகாது. ஒரே நிமிடத்துக்கு 1440 படங்களை ரெண்டர் செய்து வட்டில் குவிக்கும் தொழிலில் இது ஒரு சுமையே இல்லை. இருப்பது ஒரு குரல்தான் என்பதால் ஸ்டீரியோவும் தேவையில்லை. இரண்டாவது, எம்பி3-ஐ வேவாக மாற்றினால் இழந்த தரம் திரும்பாது, முன்மௌனம் போய்விடும் என்ற உறுதியும் இல்லை என்பது. முழுக்க உண்மை. ஆனால் மாற்றுவதன் பயன் தரமல்ல. மௌனம் எவ்வளவு என்பது அந்தக் கணத்தில் ஒரே முடிவாக உறைந்துவிடுகிறது. அதற்குப் பின் வாய் வரைகிறவர், எடிட்டர், ஒலிக்கலவை செய்பவர் மூவரும் அதே வேவைப் பயன்படுத்தினால் தாமதம் இருந்தாலும் மூவருக்கும் ஒரே தாமதம். பிசகு பிறப்பது இரண்டு நகல்களுக்கு இடையில்தான். அனிமேஷனில் இருக்கும் ஒலி வெறும் வழிகாட்டி, இறுதி ஒலி எப்படியும் எடிட்டிங்கில் மாறும் என்கிற வாதத்துக்கும் இதுவே பதில். மாறப்போகிறது என்பதால்தான் வழிகாட்டியும் இறுதியும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். மூன்றாவது வாதம்தான் எடையுள்ளது: நடிகர் வாட்ஸ்அப்பில் குரல் குறிப்பாக அனுப்பிய வசனத்தை வைத்துப் பழகும் மாணவரிடம் சாம்பிள், பிட் என்று பாடம் நடத்துவது கதவைச் சாத்துவதுதானே? அந்தக் குரல் குறிப்பு ஓக் பெட்டிக்குள் ஓபஸ். அதைத் தெரிந்துகொண்டுதான் கார்ட்டூன் வரைய வேண்டுமா? வேண்டாம். ஆனால் பதில் மென்பொருள் எல்லாவற்றையும் விழுங்குவதல்ல. இதற்குள் இருப்பது ஓபஸ், இதை உங்கள் புராஜெக்டுக்கு ஏற்ற வேவாக மாற்றி அதே ஃபோல்டரில் வைக்கட்டுமா என்று ஒரு வரி கேட்பது. மாற்றும் திறன் எஃப்எஃப்எம்பெக் வடிவில் இலவசமாகக் கிடக்கிறது. குறைவது கேட்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் வரும்வரை கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கோப்பு விஎல்சியில் பாடுகிறதே என்பது சான்று ஆகாது. விஎல்சி தன் கோடெக்குகளைத் தானே சுமந்து திரியும், கல்லைப் போட்டாலும் பாட முயலும். அதே விஎல்சியின் கோடெக் தகவல் சாளரமோ மீடியாஇன்ஃபோவோ காட்டும் மூன்று விவரம் போதும்: கோடெக், சாம்பிள் வீதம், சேனல். 44.1-இல் பதிந்ததை 48 என்று நினைத்து இயக்கும் கோளாறும் இங்கேதான் பிடிபடும். குரல் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, ஒரு நிமிட வசனம் 55 நொடியில் முடிந்தால் சந்தேகம் வேண்டாம். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, புராஜெக்ட் வீதத்தை 48000 ஆக்கி, 16 பிட் பிசிஎம் வேவாக எக்ஸ்போர்ட் செய்யலாம். எம்4ஏ கோப்பை ஆடாசிட்டி திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். கோப்பின் பெயரை எளிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்து, வட்டின் மேல்மட்ட ஃபோல்டர் ஒன்றில் போடுவது நல்லது. தமிழில் பெயர் வைக்கக் கூடாதா என்று கோபப்படலாம், நியாயமான கோபம்தான். ஆனால் 2016-க்கு முந்தைய நிரல் வரிகளைச் சுமக்கும் மென்பொருள்களோடு அந்தச் சண்டையை டெட்லைன் நாளில் போடக் கூடாது. ஒன்டிரைவ் போன்ற இடத்தில் மேகக்குறியோடு மட்டும் நிற்கும் கோப்பு கணினியில் இன்னும் இறங்கவே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு சோதனைக் கோப்பு. ஆடாசிட்டியில் பத்து நிமிடத்தைவிடச் சற்று நீளமான மௌனத்தில், தொடக்கத்திலும் ஒரு நொடி முடியும் இடத்திலும் பத்து நிமிடம் முடியும் இடத்திலும் ஒரு கூர்மையான தட்டு வைத்து, உங்கள் குரல் வரும் அதே வடிவத்தில் ஏற்றிப் பாருங்கள். 24 ஃபிரேம் புராஜெக்டில், 1-இல் எண்ணத் தொடங்கும் மென்பொருளில், தட்டுகள் 1, 25, 14,401 ஆகிய ஃபிரேம்களில் விழ வேண்டும். முதல் தட்டே தள்ளி இருந்தால் அது முன்மௌனம், வடிவத்தை மாற்றுங்கள். முதலிரண்டும் சரியாக விழுந்து கடைசித் தட்டு மட்டும் 14,386-இல் நின்றால் ஒலிக்கோப்பைத் தொடாதீர்கள். புராஜெக்ட் 24-இல் இல்லை, 23.976-இல் இருக்கிறது.